லினக்ஸில் மவுஸ் கர்சர் கண்ணில் படவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளைப் பக்கத்தின்மேல் வெள்ளை அம்பு போனால் அதைத் தேடியே கண் வலிக்கும். உடனே பலரும் செட்டிங்ஸைத் திறந்து, கர்சரின் நிறத்தை மாற்றும் வசதியைத் தேடுகிறார்கள். முதல் தவறு அதுதான். பெரும்பாலான லினக்ஸ் டெஸ்க்டாப்களில் அப்படி ஒன்று கிடையாது. கர்சர் தீம் என்பது ஒரு படத் தொகுப்பு. நிறம் அந்தப் படங்களிலேயே தீட்டப்பட்டிருக்கிறது. வேறு நிறம் வேண்டுமென்றால் வேறு தீம்தான் போட வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைவிட விளிம்பைப் பாருங்கள். க்னோம் டெஸ்க்டாப்பின் வழக்கமான தீமான அட்வைட்டாவின் கறுப்பு அம்புக்கு வெள்ளை விளிம்பு உண்டு. அதனால் வெள்ளை, கறுப்பு இரண்டு பின்னணியிலும் தப்பிக்கும். விளிம்பில்லாத அழகான தீம்கள் எங்காவது ஓரிடத்தில் நிச்சயம் தொலையும். க்னோமில் தீமை மாற்ற ட்வீக்ஸ் என்ற செயலி வேண்டும். அளவு மட்டும் செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதியில் இருக்கிறது. வழக்கமான அளவு 24 பிக்சல். பல நேரம் நிறத்தைத் தொடவே வேண்டாம், 32 அல்லது 48 ஆக்கினாலே போதும்.

அடுத்து, தீமைத் தவறான இடத்தில் வைப்பது. இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இறக்கிய கோப்பை விரித்தால் சில சமயம் ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் இருக்கும். 'கர்சர்ஸ்' என்ற உள்ஃபோல்டர் தீம் ஃபோல்டரின் நேர் அடியில் இல்லாவிட்டால் தீம் வேலை செய்யாது. அப்புறம், ஹோம் ஃபோல்டரில் மட்டும் வைத்தால் லாகின் திரைக்கு அது தெரியாது, ஏனென்றால் அந்தத் திரை வேறொரு பயனரின் பெயரில் ஓடுகிறது. ஹோமில் மறைந்திருக்கும் ஐகான்ஸ் (.icons) ஃபோல்டரில் வைத்ததை, தனிப் பெட்டிக்குள் அடைபட்டு ஓடும் ஃபிளாட்பேக் செயலிகளும் பொதுவாகப் பார்ப்பதில்லை. எல்லா இடத்திலும் ஒரே கர்சர் வேண்டுமென்றால், உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) தரும் பேக்கேஜாகவே நிறுவுவது நல்லது.

டெஸ்க்டாப்பில் புது அம்பு, பிரவுசருக்குள் பழைய அம்பு என்று தெரிந்தால் பதறி எல்லாவற்றையும் மறுபடி நிறுவாதீர்கள். திறந்திருக்கும் செயலி பழைய தீமைப் பிடித்துக்கொண்டிருக்கும். லாக் அவுட் செய்து மறுபடி லாகின் செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், முன்பு எப்போதோ ஒரு குறிப்பைப் பார்த்து புரொஃபைல் கோப்பில் (லாகின் ஆகும்போது படிக்கப்படும் அமைப்புக் கோப்பு) எழுதிவைத்த கர்சர் அளவோ தீம் பெயரோ இன்னும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்டுபிடிப்பது மட்டும்தான் சிக்கலா? க்னோமில் கன்ட்ரோல் விசையைத் தட்டினால் கர்சர் இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியை இயக்கலாம். கேடிஇ-யின் பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் 6.1 பதிப்பு முதல் மவுஸை வேகமாக ஆட்டினால் கர்சர் பெரிதாகும்.

கர்சர் அடியோடு மறைவது வேறு நோய். அதற்குத் தீமை மாற்றிப் பயனில்லை. மவுஸை நகர்த்தும்போது பட்டன்கள் மட்டும் ஒளிர்ந்தால், மவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது. பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு தனி அடுக்கில் வரையும் கர்சர்தான் திரைக்கு வரவில்லை. திரையில் காட்சியை வரைய லினக்ஸில் வேலண்ட், எக்ஸ்11 என்று இரண்டு முறைகள் உண்டு; லாகின் திரையில் வேலண்டுக்குப் பதில் எக்ஸ்11-ஐத் தேர்ந்தெடுக்க முடிந்தால், அதில் நுழைந்து பாருங்கள். கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) அப்டேட்டுக்குப் பிறகு இது தொடங்கியிருந்தால், கணினி தொடங்கும்போது வரும் குரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். கர்சர் திரும்பி வந்தால் கோளாறு அப்டேட்டில்தான், உங்கள் செட்டிங்ஸில் இல்லை.