மூட் கோர்ட்டில் (மாணவர்களின் மாதிரி நீதிமன்றத்தில்) அர்ஜென்டினாவை எடுத்து வாதாடுவது எப்படி?

சுயமன்னிப்புச் சட்டம் என்று தலைப்பு வந்தாலே என் மாணவர்கள் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க்குக்கு ஓடிவிடுவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரஸில் சட்டத் தத்துவம் நடத்திய கார்லோஸ் நீனோவிடம் போங்கள்.

முதலில் நோட்டில் மூன்று தேதி. 1983 செப்டம்பர்: அந்நாட்டு ராணுவ ஆட்சி, தன் குற்றங்களுக்குத் தனக்குத் தானே மன்னிப்புச் சட்டம் போட்டுக்கொண்டது. அக்டோபர் 30: அதிபர் தேர்தலில் ரவுல் அல்ஃபோன்சின் வெற்றி. டிசம்பர்: புதிய நாடாளுமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது.

இங்கே நிதானியுங்கள். “ரத்து செய்தால் போதாதா?” என்று நடுவர் கேட்பார். போதாது. அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 2ஆம் பிரிவுப்படி, இடையில் வந்துபோன சட்டமானாலும் குற்றவாளிக்குச் சாதகமானதே பொருந்தும். ரத்தானாலும் ஜெனரல்கள் தப்பிவிடுவார்கள். ஆகவே அது பிறக்கும்போதே செல்லாதது என்று காட்ட வேண்டும். துப்பாக்கியோடு வந்தவர்கள் போட்ட உத்தரவுக்கு, மக்கள் மன்றம் விவாதித்து இயற்றிய சட்டத்தின் மதிப்பு தானாக வராது என்பது நீனோவின் வாதம். அதிபர் அல்ஃபோன்சினின் ஆலோசகராக இருந்தவர் அவர். உங்கள் குறிப்பில் ‘ரத்து’ எங்கே வந்தாலும் சிவப்பு மையால் அடியுங்கள். மாணவியாக இருந்தபோது அந்த ஒரு சொல்லை விட்டுவைத்து நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ராணுவ ஆட்சித் தலைவர்கள் மீதான 1985 விசாரணைக்கு ஒரு வரி போதும்: 9 தளபதிகள், 5 பேருக்குத் தண்டனை, முன்னாள் ராணுவ அதிபர் விடேலாவுக்கு ஆயுள்.

மேலிடத்து உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர்களைத் தப்பவிட்ட 1987ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தரப்பு கட்டாயம் உங்கள் முன் தூக்கிப் போடும். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அதையும் 2003இல் நாடாளுமன்றமும் 2005இல் உச்ச நீதிமன்றமும் செல்லாது என்றுவிட்டன.