கம்பிக்கு டெஸ்ட் சர்டிபிகேட் வாங்கிய வழி

ஈரோட்டுக் கடைகளில் கான்கிரீட்டுக்குள் போடும் டிஎம்டி முறுக்குக் கம்பியின் விவரம் கேட்டால் பளபளப்பான விளம்பரத் தாளும் "நல்ல கம்பிங்க, தைரியமாப் போடுங்க" என்ற பதிலும்தான் வரும். ஆலைக்கே "விவரம் அனுப்புங்கள்" என்று எழுதினாலும் அதே தாள்தான். கேள்வியை மாற்றியதும் வேலை ஆனது. கம்பிக் கட்டோடு தொங்கும் தகட்டைப் படம் எடுத்து, ஹீட் நம்பர் (ஒரே தடவையில் உருக்கிய எஃகுக்கு ஆலை தரும் எண்), விட்டம், தரம், பில் எண் எல்லாம் போட்டு, அந்த ஹீட்டின் டெஸ்ட் சர்டிபிகேட்டை, அதாவது ஆலையின் பரிசோதனை முடிவுத் தாளை மட்டும் கேட்டேன்.

வரும் தாளில் ஹீட் நம்பர் தகட்டோடு ஒத்துப்போக வேண்டும். பழைய சர்டிபிகேட் ஒன்றையே எல்லோருக்கும் நகலெடுத்து நீட்டுவதும் உண்டு. கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1786 படி 500டி (அதிகம் நீளக்கூடிய தரம்) கம்பிக்கு ஈல்டு (நிரந்தரமாக நீளத் தொடங்கும் இழுவை) 500, இழுவிசை (அறுவதற்கு முன் தாங்கும் அதிகபட்ச இழுவை) 565 மெகாபாஸ்கல், நீட்சி (அறுவதற்குள் நீளும் அளவு) 16 சதவீதம்; இவை குறைந்தபட்ச அளவுகள். நீட்சி 13 என்றிருந்தால் அது வெறும் 500தான், விலை மட்டும் 'டி'. கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்து 0.075 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

கம்பியின் சிஎம்/எல் எண்ணை (ஐஎஸ்ஐ முத்திரைக்கான உரிம எண்) இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் நடப்பில் உள்ளதா என்று தெரியும். எடைக்கு ஆலையைக் கேட்கவே வேண்டாம். 12 மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்கு 0.888 கிலோ, ஒரு மீட்டர் வெட்டிய துண்டு 0.835 கிலோவுக்குக் கீழே போனால் லோடு இறக்க விடாதீங்க.