எஃப்9 அழுத்தினால் எக்ஸி காணாமல் போகிறதா?

நேற்று ராத்திரி டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். மெட்ரிக் (பள்ளிக் கடைசி வருடம்) ஐடி பிராஜெக்ட், பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் அதே டெல்ஃபி என்ற புரோகிராமிங் மென்பொருளில் எழுதியது, சாயங்காலம் வரை ஓடியதாம், இப்போது எஃப்9 (கம்பைல் செய்து, அதாவது எழுதியதை எக்ஸி என்ற ஓடும் கோப்பாக மாற்றி, ஓட்டும் விசை) அழுத்தினால் "குட் நாட் கிரியேட் அவுட்புட் ஃபைல்" என்று நிற்கிறதாம், எக்ஸியை உருவாக்க முடியவில்லை என்று அர்த்தம். "மாமா, ஆன்டிவைரஸை அணைச்சிடட்டுமா?" என்றான். தொடாதே என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், சி, கோ, பைத்தான் மொழிகளில் எழுதுகிறவர்களுக்கும் இதே வழிதான்.

புதிதாகக் கம்பைல் செய்த எக்ஸியை ஆன்டிவைரஸ் வைரஸ் என்று நினைத்துப் பறித்துக்கொள்வது உண்டு, அதனால் முதலில் குற்றவாளி அதுதானா என்று பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன், அதற்குள் புரொடெக்ஷன் ஹிஸ்டரி. உங்கள் எக்ஸியின் பெயர் அங்கே இருந்தால் ஆள் அகப்பட்டான், அங்கிருந்தே ரீஸ்டோர் செய்து கோப்பை மீட்கலாம். பெயர் இல்லையென்றால் பெரும்பாலும் வேறு காரணம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆன்டிவைரஸைத் திட்டியும் பயனில்லை. நீங்கள் இந்த நிமிடம் கம்பைல் செய்த எக்ஸிக்கு டிஜிட்டல் கையெழுத்து கிடையாது, உலகத்தில் வேறு எந்தக் கணினியிலும் அது ஓடியதில்லை, முன்பின் தெரியாத ஆள் ராத்திரியில் கதவைத் தட்டினால் யாரும் சந்தேகப்படத்தான் செய்வார்கள். பைஇன்ஸ்டாலரில் (பைத்தான் புரோகிராமை எக்ஸியாக்கும் கருவி) கட்டிய புரோகிராம் மாட்டுவதற்குக் காரணம், வைரஸ் எழுதுகிறவர்களும் அதே பைஇன்ஸ்டாலரைப் பயன்படுத்துவது. டெல்ஃபிக்கோ பழைய கதையே உண்டு: 2009இல் வந்த இன்டக் என்ற வைரஸ் டெல்ஃபியின் சொந்த லைப்ரரிக் கோப்பிலேயே புகுந்துகொண்டது, அப்புறம் அந்தக் கணினியில் கம்பைல் செய்த ஒவ்வொரு புரோகிராமும் வைரஸோடுதான் பிறந்தது, எழுதியவருக்கே தெரியாமல். அதனால்தான் அணைக்காதே என்கிறேன்.

சரி, அணைக்காமல், இதை மட்டும் சோதிக்காதே என்று விலக்கு கொடுப்பது எப்படி? அதே வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன் பக்கத்தில் மேனேஜ் செட்டிங்ஸ், கீழே இறங்கினால் ஆட் ஆர் ரிமூவ் எக்ஸ்குளூஷன்ஸ், அதில் ஃபோல்டர். பிராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் கொடுங்கள். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், முழு சி டிரைவ், இவை எதுவும் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த கண்ட கோப்பும் அங்கேதான் வந்து விழும். பிராசஸ் என்றும் ஒரு வகை இருக்கிறது, அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பைத்தானை அதில் சேர்த்தால் பைத்தான் என்கிற ஒரு புரோகிராமுக்கு மட்டும் விலக்கு என்று நினைக்கிறோம், உண்மையில் பைத்தான் திறக்கிற கோப்பு ஒவ்வொன்றுக்கும் நிகழ்நேரச் சோதனை நின்றுவிடும். அது வேண்டாம்.

டர்பன் கடையில் லேப்டாப்போடு சேர்த்து ஒரு வருட ஆன்டிவைரஸ் தலையில் கட்டியிருந்தால் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாக ஒதுங்கியிருக்கும், அப்போது விலக்கை அந்த ஆன்டிவைரஸுக்குள் போய்த்தான் கொடுக்க வேண்டும். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆளிடம் கேளுங்கள், நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

எதையும் பறிக்கவில்லை, கம்பைல் மட்டும் ஆமை வேகம் என்றால், டாஸ்க் மேனேஜரில் ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள் (டிஃபெண்டர்தான்) எவ்வளவு சிபியூ தின்கிறது என்று பாருங்கள். நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) பிராஜெக்டில் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதில்தான் நேரம் போகிறது (மின்வெட்டில் பேட்டரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது இரட்டைச் செலவு). விண்டோஸ் 11இல் டெவ் டிரைவ் என்று தனி டிரைவ் உண்டாக்கி பிராஜெக்டை அங்கே வைக்கலாம், குறைந்தது 50 ஜிபி வேண்டும். அங்கே கோப்பு உடனே திறந்துவிடும், சோதனை பின்னால் நடக்கும். விலக்கு கொடுப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

பையன் விஷயம் என்னவாயிற்று என்றால், அவனுடைய ஹிஸ்டரியில் ஒன்றுமே இல்லை. முதலில் வரும் லாகின் ஃபார்மை (ஃபார்ம் என்றால் புரோகிராமின் ஜன்னல், இதுதான் மெயின் ஃபார்ம்) ஹைட் செய்துவிட்டு இரண்டாவது ஃபார்மைத் திறக்கிறான், அதை மூடினால் புரோகிராம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறான். ஆனால் மெயின் ஃபார்ம் மறைவில் உயிரோடு இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸியின் மேல் கம்பைலர் எப்படி எழுதும்? டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் அதே பெயரில் ஒன்று உட்கார்ந்திருந்தது. எண்ட் டாஸ்க் கொடுத்தான், எஃப்9 ஓடியது. இரண்டாவது ஃபார்மின் ஆன்குளோஸில் (ஃபார்மை மூடும்போது ஓடும் பகுதி) புரோகிராமையே முடிக்கும் அப்ளிகேஷன் டாட் டெர்மினேட் என்று ஒரு வரி போடச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன்.