ஆர்வி முகத்தில் காய்ந்துபோன பூச்சிகளை எடுப்பது எப்படி

மே மாதத்தில் ஹூஸ்டனில் இருந்து இன்டர்ஸ்டேட் 10 நெடுஞ்சாலை பிடித்து ஃப்ளோரிடா பக்கம் ஆர்வி (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) ஓட்டிப் போனவர்களுக்கு முன்னுரையே தேவையில்லை. வெள்ளை வெளேரென்று கிளம்பிய வண்டி, இரண்டாம் நாள் சாயங்காலம் பார்த்தால் முகமெல்லாம் மிளகை இடித்து அப்பிய மாதிரி நிற்கும். கார் என்றால் சரிந்த முகம், காற்றோடு சேர்ந்து கொஞ்சம் பூச்சியாவது மேலே வழுக்கித் தப்பிக்கும். டிரைவர் தலைக்கு மேல் படுக்கை வைத்த கிளாஸ் சி ஆர்வி அப்படியா? பத்தடிச் சுவர் ஒன்று மணிக்கு 65 மைல் வேகத்தில் வருகிறது, பூச்சி எங்கே போகும்.

அந்தப் பக்கத்து வில்லன் லவ்பக் என்னும் பூச்சி. சிவப்புக் கழுத்து, கறுப்பு உடம்பு, ஆணும் பெண்ணும் ஒட்டிக்கொண்டே பறக்கும், கடிக்காது. மெக்சிகோ வளைகுடாக் கரை மாநிலங்களில் வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே ஒரு தடவை, ஆகஸ்ட்-செப்டம்பர் ஒரு தடவை, மேகம் மாதிரி கிளம்பும். வெயில் பட்ட வண்டிப் புகையின் வாசனைக்கு மயங்கி நெடுஞ்சாலைக்கே வந்து சேரும் என்பதுதான் கொடுமை. (ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்து வெளியே விட்ட பூச்சி என்று கேம்ப்கிரவுண்டில் (ஆர்வியை நிறுத்தித் தங்கும் இடம்) யாராவது சத்தியம் செய்வார்கள். பொய். 1940-லேயே டெக்சாஸின் கால்வஸ்டனில் பிடித்த பூச்சியை வைத்து ஹார்டி என்பவர் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்.)

அடிபட்டவுடன் அந்தச் சாறு பெரிய ஆபத்தில்லை, பிஎச் 6.5 அளவில்தான் இருக்கும் (இந்த எண் இறங்க இறங்கப் புளிப்பு ஏறும்). ஒரு நாள் அப்படியே விட்டால் 4.25 வரை இறங்கிவிடும், ஏறக்குறைய தயிரின் புளிப்பு. அந்தப் புளிப்பை மே மாத வெயிலில் பெயின்ட் மேல் வைத்துக் காய்ச்சினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், வண்டி நின்ற அன்றே கை வைக்க வேண்டும்.

நான் விட்டேன். நாலு நாள் கழித்து, பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரை எடுத்து வீராவேசமாகத் தேய்த்தேன். பூச்சி போனது. கூடவே பளபளப்பும் போய், ஹெட்லைட்டுக்கு மேலே தாம்பாளம் அளவுக்கு ஒரு மங்கல் வட்டம் வந்தது, இன்னும் இருக்கிறது. அடிப்பிடித்த பால் பாத்திரத்தை யாராவது உடனே சுரண்டுவார்களா? தண்ணீர் ஊற்றி ஊற வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவோம் இல்லையா, இங்கேயும் அதேதான்.

முதலில் வண்டியை நிழலில் நிறுத்துங்கள், தொட்டுப் பார்த்தால் சூடு இறங்கியிருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எனக்கு வசதி. வெதுவெதுப்பான தண்ணீரில் கார் ஷாம்பூ கொஞ்சம் கலந்து அதில் ஒரு பழைய பருத்தி வேட்டியை முக்குங்கள். சிரிக்காதீர்கள், டர்க்கி டவல் கனத்தில் வழுக்கி விழுந்துவிடும், நைந்துபோன எட்டு முழம் அப்படியே முகத்தோடு ஒட்டி நிற்கும். சரிகைக் கரையை மட்டும் கிழித்துவிடுங்கள், அது கீறும். ஏணி போட்டு மேலிருந்து கீழே அப்பிவிட்டு, காய ஆரம்பிக்கும் இடத்தில் ஸ்பிரே பாட்டிலால் ஈரம் காட்டிக்கொண்டே பதினைந்து நிமிடம் விடுங்கள். பம்பர் மேல் ஏறி நிற்காதீர்கள், அது உங்களைத் தாங்கச் செய்ததில்லை.

துணியை எடுத்தால் பாதி அதோடு வந்துவிடும். மீதி, ஊறிய ரவை மாதிரி குழைந்து நிற்கும், அதை நல்ல மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒரே திசையில் வழித்து எடுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம், இறக்கைத் துணுக்கும் ரோட்டு மண்ணும் சேர்ந்து உப்புத்தாள் வேலை செய்யும். ஒவ்வொரு வழிப்புக்கும் துணியின் புதுப் பக்கம். வரவில்லையா, மறுபடி ஊற வையுங்கள். மூன்று தடவை ஊற வைத்தும் அசையாததற்கு மட்டும் கடையில் விற்கும் பக் ரிமூவர் அடிக்கலாம், ஆனால் அது காய்வதற்குள் கழுவிவிட வேண்டும்.

துணி உலர்த்தும் டிரையரில் போடும் ஷீட்டை நனைத்துத் துடைக்கச் சொல்வார்கள். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சொரசொரப்பு, பின்னால் ஒரு வழவழப்புப் படலமும் விடும், அதனால் கை லேசாக, அப்புறம் நன்றாகக் கழுவி. வினிகர் வேண்டவே வேண்டாம், புளிப்புக்கு மேல் புளிப்பு. மேஜிக் இரேசர் என்னும் வெள்ளை ஸ்பாஞ்சும் பஞ்சு வேஷம் போட்ட உப்புத்தாள்தான். பாத்திர சோப் அழுக்கோடு வேக்ஸையும் உருவிவிடும்.

முன் கண்ணாடிக்கு இவ்வளவு பயம் தேவையில்லை, ஊறியபின் பிளாஸ்டிக் பிளேடால் சுரண்டலாம். ஹெட்லைட்டும் மேல் படுக்கையின் ஜன்னலும் பெரும்பாலும் பிளாஸ்டிக், அங்கே அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரைக் கொண்டு போகாதீர்கள், மங்கிவிடும். பிரஷர் வாஷரை ஸ்டிக்கர் ஓரத்துக்கும், மேலே விளக்குகளைச் சுற்றித் தண்ணீர் புகாமல் பூசியுள்ள சீலன்ட்டுக்கும் நேராகப் பிடித்தால் பூச்சியோடு ஸ்டிக்கரும் வரும், அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும். முன்னால் எஞ்சின் உள்ள வண்டி என்றால் கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டர் அடைத்திருந்தால் எஞ்சின் சூடேறும், அங்கே சாதாரண ஹோஸ் தண்ணீர் போதும், அந்தத் தகடுகள் விரல் பட்டாலே வளையும்.

பல கேம்ப்கிரவுண்டில் வண்டி கழுவ விடமாட்டார்கள், ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். விடாத இடத்தில் வேட்டியும் ஒரு வாளியும் ரின்ஸ்லெஸ் வாஷும் (துடைத்தபின் தண்ணீர் ஊற்றி அலச வேண்டாத கழுவு திரவம்) போதும், தரை நனையாமல் முடித்துவிடலாம்.

எல்லாம் போனபின் தழும்பு தெரிந்தால், அது ஜெல்கோட்டா க்ளியர்கோட்டா என்று பாருங்கள். ஜெல்கோட் என்பது ஃபைபர்கிளாஸ் மேல் உள்ள பளபளப்புப் பூச்சு, சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன், பாலிஷ் போட்டுச் சரிசெய்ய இடம் இருக்கிறது. பெயின்ட் மேல் உள்ள நிறமில்லாப் பூச்சான க்ளியர்கோட் அதில் பத்தில் ஒரு பங்குதான், ரொம்ப முயற்சி செய்யாமல் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. கிளம்புவதற்கு முன்பே முகத்துக்கு மட்டுமாவது வேக்ஸ் போட்டிருந்தால் பதினைந்து நிமிட ஊறல் ஐந்தாகிவிடும். லவ்பக் இரவில் பறக்காது, விடிவதற்கு முன்பே கிளம்பிக் காலை பத்துக்குள் நூறு மைல் தாண்டிவிட்டால் கழுவ வேண்டியதும் குறையும்.

அந்த வேட்டியைத் தனியாகத் துவையுங்கள். மற்ற துணியோடு மெஷினில் போட்டு நான் வாங்கிய திட்டு போதும்.