டியூயி ஜெயித்த ராத்திரி: பழைய தலைப்புகளை வைத்துக் கதை விடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"'ட்ரூமனைத் தோற்கடித்தார் டியூயி' என்று 1948இல் சிகாகோ டெய்லி டிரிப்யூன் தலைப்புப் போட்டது. பேப்பரிலேயே வந்துவிட்டதே என்று டியூயி பெட்டி படுக்கையோடு வெள்ளை மாளிகை வாசலில் போய் நின்றார். காவலாளி மறுநாள் பேப்பரைக் காட்டித் திருப்பி அனுப்பினார்."

இது நான் விட்ட கதை. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில், பதவியில் இருந்த ட்ரூமனை எதிர்த்து நின்றவர் டியூயி. ஜெயித்தது ட்ரூமன்தான். பழைய தலைப்பு ஒன்றை எடுத்து, அதனால் நடக்காத விளைவுகளையும் இல்லாத தகவல் துணுக்குகளையும் ஒட்டவைத்து எழுதுவது எனக்குப் பழைய பொழுதுபோக்கு. நிறைய சொதப்பியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மேலே உள்ள கதையிலேயே பெரிய தவறு இருக்கிறது. உண்மையில் நடந்ததைப் படிக்காமல் எழுதியது அது. அப்புறம்தான் படித்தேன். டிரிப்யூனில் அப்போது அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தம். செய்தியைத் தட்டச்சு செய்து, அந்தத் தாளைப் படமெடுத்து, தகடு செய்து அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் முதல் பதிப்பு வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்னதாகவே அச்சுக்குப் போக வேண்டும். ஓட்டு எண்ணிக்கையோ முடியவில்லை. வாஷிங்டன் நிருபர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங்கைக் கேட்டார்கள். இருபது ஆண்டுகளில் ஐந்து அதிபர் தேர்தல்களில் நான்கைச் சரியாகக் கணித்தவர். டியூயிதான் என்றார். சரி, போடு தலைப்பை!

சுமார் 1,50,000 பிரதிகள் அச்சாகின. அவசரத்தில் அதே முதல் பக்கத்தில் சில வரிகள் தலைகீழாகவும் விழுந்திருந்தன. முடிவு வந்தபோது ட்ரூமனுக்கு 303 தேர்வாளர் வாக்குகள் (மாநிலங்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்களின் வாக்குகள்), டியூயிக்கு 189. ட்ரூமனை முட்டாள் என்று எழுதிய பேப்பர் வேறு அது. செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் அதைக் கையில் தூக்கிப் பிடித்து அவர் சிரிக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வாக்கு எண்ணிய ராத்திரி எடுத்தது என்று பலர் எழுதுகிறார்கள். தேர்தல் நடந்தது நவம்பர் 2, படம் எடுத்தது 4ஆம் தேதி, வாஷிங்டனுக்குத் திரும்பும் வழியில்.

இவ்வளவு சரக்கு கைவசம் இருக்கும்போது வெள்ளை மாளிகை வாசல் கதை எவ்வளவு சப்பை! தலைகீழ் வரிகளை வைத்தல்லவா எழுதியிருக்க வேண்டும்: "அந்த வரிகளைப் படிக்கத் தலைகீழாக நின்றவர்களுக்கு மட்டும் அன்று ராத்திரியே சரியான முடிவு தெரிந்துவிட்டது." இதில் பொய் ஒரு முழம்தான். மீதி உண்மை.

அடுத்த தவறு, தலைப்பே இல்லாத இடத்தில் கதை கட்டுவது. 'கால்வாயில் மூடுபனி, கண்டம் துண்டிக்கப்பட்டது' என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகை போட்டதாகப் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். பிரிட்டனையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் ஆங்கிலக் கால்வாயைத்தான் சொல்கிறார்கள். தீவில் இருந்துகொண்டு ஐரோப்பாதான் தனித்துப்போனது என்று நினைக்கும் பிரிட்டிஷ் மனோபாவத்துக்கு அருமையான உதாரணம். ஆனால் அப்படி அச்சான பேப்பர் என்று உறுதியான பிரதி எதுவும் கிடைத்ததில்லை. அதுவே யாரோ விட்ட கதை. அதன்மேல் நீங்கள் இன்னொரு கதையை ஏற்றினால் சாயம் போன துணிக்குச் சாயம் போடுகிற மாதிரிதான்.

தலைப்பில் உள்ளதைத் தலைவர் வாயில் திணிப்பதும் அடிக்கடி நடக்கிறது. 1975 அக்டோபர் 30 அன்று நியூயார்க் டெய்லி நியூஸ், 'நகரத்துக்கு ஃபோர்டு சொல்கிறார்: செத்துத் தொலை' என்று போட்டது. திவாலாகும் நிலையில் இருந்த நகரத்தைக் கைதூக்கிவிடும் மசோதா வந்தால் ரத்து செய்வேன் என்றுதான் அப்போதைய அமெரிக்க அதிபர் ஃபோர்டு பேசினார். அந்த இரண்டு வார்த்தைகளை அவர் சொல்லவே இல்லை. மறுவருடம் நியூயார்க் மாநிலத்திலும் தோற்றார், பதவியையும் இழந்தார். 'ஃபோர்டு அன்று சொன்னது போல' என்று துணுக்கைத் தொடங்கினால் நகைச்சுவை போய் அவதூறு ஆகிவிடும்.

இனி நான் மாட்டிக்கொண்ட தவறு. 1835 ஆகஸ்ட் 25 முதல் நியூயார்க்கின் 'சன்' பத்திரிகை ஆறு பகுதிகளாக ஒரு தொடர் வெளியிட்டது. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் நன்னம்பிக்கை முனையிலிருந்து மாபெரும் தொலைநோக்கியால் நிலாவைப் பார்த்தாராம். அங்கே இரண்டு காலில் நடக்கும் பீவர்களும் சிறகு முளைத்த வௌவால் மனிதர்களும் இருந்தார்களாம். ஹெர்ஷல் நிஜமான ஆள், அப்போது அங்கே இருந்ததும் நிஜம். அதனால் ஊரே நம்பியது. நான் என்ன செய்தேன்? "இதனால் நியூயார்க்கில் தொலைநோக்கி விலை மூன்று மடங்கானது" என்று எழுதிவைத்தேன். சில மாதம் கழித்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அதை 'அறிவோம் தெளிவோம்' என்ற தலைப்போடு எனக்கே அனுப்பினார். அது என் சரக்கு சித்தப்பா என்றேன். "நீ எங்கே படிச்சே?" என்று கேட்டார்.

தப்பு என்மேல்தான். கணக்கும் காரணமும் சேர்ந்த பொய்யை யாரும் சந்தேகப்படுவதில்லை. சன் பத்திரிகை செய்ததையேதான் நானும் செய்திருந்தேன். இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்: "வௌவால் மனிதர்கள் நியூயார்க்கில் வாடகைக்கு வீடு தேடினர். தொங்குவதற்குத் தோதான உத்தரம் கிடைக்காமல் நிலாவுக்கே திரும்பினர்." சித்தப்பா இதை யாருக்கும் அனுப்பவில்லை.

1912இல் டைட்டானிக் பயணிகள் அனைவரும் பத்திரம் என்று சில பத்திரிகைகள் போட்டன. சுமார் 1,500 பேர் இறந்திருந்தார்கள். அதைத் தொட வேண்டாம்.

சிலவற்றுக்குக் கற்பனை விளைவே தேவைப்படாது. அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் காடர்டின் ராக்கெட் நிலாவை எட்டக்கூடும் என்று 1920 ஜனவரி 12 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. மறுநாள் அதே பேப்பரின் தலையங்கம், வெற்றிடத்தில் ராக்கெட் எப்படிப் போகும், பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிற அறிவுகூட இவருக்கு இல்லையே என்று கிண்டலடித்தது. காடர்ட் 1945இல் இறந்துபோனார். 1969 ஜூலை 17 அன்று அதே பேப்பரில் ஒரு சின்னத் திருத்தம் வந்தது. நியூட்டன் 17ஆம் நூற்றாண்டில் சொன்னது உறுதியாகிவிட்டதாம், வெற்றிடத்திலும் ராக்கெட் இயங்குமாம், தவறுக்கு வருந்துகிறார்களாம். அன்று அப்போலோ 11இல் மூன்று பேர் நிலாவுக்குப் பாதி வழியில் இருந்தார்கள்.