கூட்டாகப் போர் விமானம் கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம், புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு கூட்டுத் திட்டத்துக்கு மாதிரி வரைவு போட்டுக் காட்டினார்கள். முதல் பக்கத்திலேயே எந்த நாட்டுக்கு எத்தனை சதவீத வேலை என்று அட்டவணை. இருபது வருடத்துக்கு முன் நானும் இதையேதான் முதல் பக்கத்தில் போட்டேன். மொழி, நேர வித்தியாசம் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் முதல் வாரத்திலேயே இடித்துக்கொண்டு தானாகப் புரிந்துவிடும்.

வேலைக்கு முன் பங்கு

யூரோஃபைட்டர் டைஃபூன் போர் விமானத்தை பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் நான்கும் சேர்ந்து கட்டின. எத்தனை விமானம் வாங்குகிறாயோ அந்த அளவுக்கு வேலை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிரிட்டனும் ஜெர்மனியும் தலா 250 என்று சொல்லி ஆளுக்கு 33 சதவீதம் எடுத்துக்கொண்டன. பெர்லின் சுவர் விழுந்தபின் ஜெர்மனி 140க்கு இறங்கியது. ஆனால் வேலையை விட மனமில்லை. கடைசியில் இன்னும் 40 விமானம் வாங்குகிறேன் என்று சொல்லித்தான் ஏறக்குறைய 30 சதவீதப் பங்கையாவது காப்பாற்றிக்கொண்டது. வேலைக்காக விமானம்!

விமானத்தையே பாருங்கள். இடது இறக்கை இத்தாலியில், வலது இறக்கை ஸ்பெயினில். இறுதியாகப் பொருத்தும் கூடம் ஒன்று போதாதா? வார்ட்டன், மான்ஷிங், கசெல்லே, ஹெட்டாஃபே என்று நாட்டுக்கு ஒன்றாக நான்கு.

என் கதை இதைவிடச் சின்னது. மனஸ்தாபம் வேண்டாமே என்று ஒரு கருவிப் பெட்டியின் வயரிங்கை இரண்டு கம்பெனிக்குப் பாதிப் பாதியாகப் பிரித்தேன். நடுவில் ஒரு கனெக்டர். அதன் வரைபடம் யார் பொறுப்பு என்று எங்கும் எழுதவில்லை. சேர்த்துப் பார்க்கும் நாளில் இரண்டு பக்கமும் ஊசி நீட்டிய முனைகளோடு வந்து நின்றன. செருக ஓட்டையே இல்லை. திருத்த இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், இரு தரப்பும் தப்பு மற்றவருடையது என்றார்கள். ஐந்து மாதம் போயிற்று. இன்றைக்கும் நினைத்தால் எரிகிறது.

அதனால், இரண்டு பேர் வேலை சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் முதலில் ஒரு பொறுப்பாளர். அப்புறம் எந்த வேலை யாருக்கு நன்றாக வரும் என்ற கேள்வி. சதவீதம் கடைசியில். அமைச்சருக்குக் கணக்கு காட்ட வேண்டுமென்றால் உதிரிபாகங்களிலும் பராமரிப்பிலும் சரிக்கட்டுங்கள்.

அந்த இரண்டு பேரும் அட்டவணையைக் கடைசிப் பக்கத்துக்கு மாற்றினார்கள். என்ன, சதவீதம் இப்போது இரண்டு தசம இலக்கத்தோடு வந்தது. அவர்களையும் குறை சொல்ல முடியாது, டைஃபூனில் எண்ணிக்கைகள் மாறியபின் பிரிட்டனின் பங்கே 37.42.

தேவையைக் கேட்காமல் கைகுலுக்குவது

பிரான்ஸும் முதலில் டைஃபூன் கூட்டில் இருந்தது. அதற்கு வேண்டியது எடை குறைந்த, விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கக்கூடிய விமானம். தலைமையும் வேண்டும். 1985இல் விலகி ரஃபேல் கட்டியது. சீக்கிரம் விலகியதே நல்லது. ரஷ்யாவோடு ஐந்தாம் தலைமுறை (ரேடாரில் எளிதில் சிக்காத) போர் விமானத்துக்காக 2010இல் முதற்கட்ட வடிவமைப்பு ஒப்பந்தம் போட்ட இந்தியா வெளியே வர 2018 ஆயிற்று.

பாதியில் எண்ணிக்கையைக் குறைப்பது

டைஃபூனில் பிரிட்டன் முதலில் சொன்ன 250 பிறகு 232 ஆகி, அதிலிருந்து 160க்கு வந்தது. ஒரு விமானத்தின் விலை 75 சதவீதம் ஏறியதாக அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2011இல் எழுதியது.

எல்லோருக்கும் வீட்டோ

கொடுக்காதீர்கள்.

மென்பொருளின் மூலநிரல்

மென்பொருளை நாமே மாற்ற இது கையில் வேண்டும். கையெழுத்துக்கு முன் கேளுங்கள். பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.