பக்கெட் வண்டி: கண் மேலே, தவறு கீழே

பல்லடம், உடுமலைப் பக்கம் பக்கெட் வண்டியில் (ஆளைத் தொட்டியில் நிற்க வைத்து உயரே தூக்கும் வண்டி) தெருவிளக்கு மாற்றும்போது கவனித்துப் பாருங்கள். எல்லோர் கண்ணும் மேலே கம்பியில்தான் இருக்கும். வண்டி சாயாமல் தாங்கும் கால்களான ஜாக்கி எதன்மேல் ஊன்றியிருக்கிறது என்று குனிந்து பார்க்கிறவர் குறைவு.

நம் பக்கத்துக் கரிசல் மண் மழைக்கு மறுநாள் மேலே காய்ந்திருக்கும், உள்ளே களியாக இருக்கும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய இடம் இன்னும் மோசம். "தார் ரோடுதானுங்ண்ணா, பலகை எதுக்கு?" என்று ஒருமுறை டிரைவர் தம்பி கேட்டு வாய் மூடவில்லை, பின்னால் இடது ஜாக்கி தாரை உடைத்துக்கொண்டு இறங்கியது. நல்லவேளை, பக்கெட்டில் யாரும் ஏறவில்லை. ஜாக்கிகளுக்கு நடுவே 8 அடி இருந்து, ஒரு பக்கம் 3 அங்குலம் அமுங்கினால், 30 அடி உயரத்தில் நிற்பவர் ஏறக்குறைய ஓர் அடி பக்கவாட்டில் போய்விடுவார். அந்தப் பக்கம் கம்பி இருந்தால்? ஜாக்கிக்கு அடியில் கெட்டியான பலகை போடாமல் தூக்கவே கூடாது.

அடுத்தது பெல்ட். பழக்கத்தில் கம்பத்தைச் சுற்றி மாட்டுகிறார்கள். வண்டி அசைந்தால் பக்கெட் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். உடம்பு முழுக்கப் பிடிக்கும் பெல்ட்டைப் போட்டு, பக்கெட்டிலோ, அதைத் தூக்கும் நீளக் கையான பூமிலோ அதற்கென்றே இருக்கும் வளையத்தில் மாட்ட வேண்டும். எட்டவில்லை என்று பக்கெட் விளிம்பில் ஏறி நிற்பதைப் பற்றி என்ன சொல்ல!

"எல்.சி. வாங்கியாச்சு" (லைன் கிளியர், அதாவது கரண்டை நிறுத்தி வேலைக்குத் தரும் அனுமதி) என்றதும் கம்பியில் கை வைப்பதுதான் எனக்குப் பெரிய பயம். திருப்பூர் பனியன் கம்பெனி, சோமனூர் தறிக்குடோன் எல்லாவற்றிலும் ஜெனரேட்டர் உண்டு. லைன் கரண்டா ஜெனரேட்டரா என்று மாற்றிவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் சரியில்லாத ஒரே இடம் போதும், கரண்ட் லைனுக்குத் திரும்பி வரும். 400 வோல்ட்டாக டிரான்ஸ்பார்மருக்குள் போவது 11,000 வோல்ட்டாக வெளியே வரும். சுவிட்சை இறக்கிப் பூட்டி, டெஸ்டரால் பார்த்து, வேலை இடத்துக்கு இருபுறமும் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்ட பிறகே தொட வேண்டும்.

ரப்பர் டயர் காப்பாற்றும் என்பதும் தப்பு. பூம் இரும்பாக இருந்து கம்பியில் பட்டால் வண்டி முழுக்கக் கரண்ட்தான். கீழே நிற்கிறவர் வண்டியில் சாய்ந்து போன் பார்க்கக் கூடாது.

ஆடிக் காற்றில் எந்த வேகம் வரை தூக்கலாம் என்பது வண்டித் தகட்டிலேயே இருக்கும். அப்புறம், எஞ்சின் நின்றுபோனால் பக்கெட்டை இறக்கும் கைப்பம்பு எங்கே என்று இன்றைக்கே டிரைவரைக் கேளுங்கள். பெரும்பாலும் யோசித்துவிட்டுத்தான் பதில் வரும்.